நாலு சென்டிமீட்டர் அநியாயம்

"உங்கள் மகளின் உயரம் சென்ற ஆண்டைவிட நான்கு சென்டிமீட்டர் குறைந்துள்ளது. வளர்ச்சிப் பரிசோதனைக்கு உடனே அழைத்துச் செல்லவும்."

பழுப்பு உறையில் வந்த பள்ளிக்கூடத்துக் கடிதத்தை மூன்றாவது தடவையாக எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தபோது ரசமட்டத்துக்குக் காது மடல்வரை சூடு ஏறியிருந்தது.

ரசமட்டம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தரைக்குக் கல் பதிப்பது அவர் தொழில். மட்டம் பார்க்கிற கட்டையை, அதுதான் நடுவில் குப்பியும் குப்பிக்குள் ஒரு நீர்க்குமிழியும் இருக்குமே, அதை இடுப்பில் செருகாமல் அவர் வாசற்படி தாண்டியதில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் முதலில் சாப்பாட்டு மேசைமேல் அதை வைத்துப் பார்ப்பார். "கோணல்" என்பார். அதன்பிறகுதான் நலம் விசாரிப்பார். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

"குறைஞ்சு போச்சாம்! எட்டு வயசுப் பிள்ளை வளரும், இல்லாட்டி நிக்கும். குறையுமா? எம் பொண்ணு என்ன சோப்பா, தேய்ஞ்சு போறதுக்கு?"

"மெதுவா பேசுங்க. அவ காதுல விழுந்துடப் போகுது" என்றாள் அடுப்படியிலிருந்த மனைவி.

விழுந்துவிட்டது. அன்று சாயங்காலம் மகள் குளிக்க மாட்டேன் என்று கட்டில் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி பட்டா நான் இன்னும் தேய்ஞ்சிடுவேன்."

"அப்பா சும்மா சொன்னாருடி."

"பேப்பர்ல போட்டிருக்கே. பென்சில் மாதிரி குறைஞ்சுக்கிட்டே போய்க் கடைசில என்னைக் கையில பிடிக்கவே முடியாமப் போயிடுமா அம்மா?"

ரசமட்டத்துக்கு நெஞ்சுக்குள் ஏதோ இடறியது. இடறியதை அவர் கோபமாக மாற்றிக்கொண்டார். கோபம்தான் அவருக்குக் கைவந்தது.

"இங்க வாடா கண்ணு. அவங்க சுவர் என்ன சுவர்! நம்ம வீட்டுல ஒரு கணக்கு இருக்கில்ல?"

இருந்தது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மகளைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைமேல் மூலைமட்டத்தை வைத்து, பென்சிலால் ஒரு கோடு போடுவார். மயிரிழை தப்பாது. போன வருஷத்துக் கோடு அப்படியே இருந்தது. மகளை நிறுத்திப் புதுக் கோடு போட்டார். டேப்பை இழுத்தார்.

"பத்து! பார்த்தியா? பத்து சென்டிமீட்டர் வளர்ந்திருக்கா!"

"தரையிலேருந்து மொத்தமா ஒரு தடவை அளந்து பாருங்களேன்" என்றாள் மனைவி.

"எதுக்கு? எவ்வளவு வளர்ந்தாங்கறதுதானே சண்டை? கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல அளந்தா ஆச்சு. தொழில் தெரிஞ்சவன்கிட்ட வந்து சொல்ற."

கதவைச் சாத்தினார். அது தரையில் கிறீச்சென்று உரசி, பாதியில் நின்றது. சில மாதமாகவே அப்படித்தான். "இந்தத் தச்சன் செஞ்ச கதவும் ஒரு கதவா!" என்று அதற்கும் சேர்த்துத் திட்டிவிட்டு, பளபளக்கும் பச்சைக் கல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பதில் எழுத ஆரம்பித்தார். எழுத்து அவருக்கு முப்பது வயதுக்குமேல் வந்தது. ஒவ்வொரு எழுத்தும் கல் வைப்பது மாதிரி. வைப்பார், தட்டுவார், தள்ளி நின்று பார்ப்பார்.

"தலைமை ஆசிரியை அவர்களுக்கு. உங்கள் சுவரில் என் மகள் நாலு குறைகிறாள். என் வீட்டு நிலையில் பத்து கூடுகிறாள். சுவரைப் பழுது பார்க்கவும். நம்பாவிட்டால் வந்து பார்க்கவும்."

"வந்து பார்க்கவுமா? அதை அடிங்க" என்றாள் மனைவி.

"ஏன் அடிக்கணும்?"

"வீட்டுக்கு யாரையும் கூப்பிட வேணாங்க. பள்ளிக்கூடத்துக்காரங்களோட நமக்கு எதுக்கு?"

"நியாயம் நம்ம பக்கம் இருக்கு. பயப்படுறா பாரு!"

கடிதம் போனது. இரண்டே நாளில் பதில் வந்தது.

"எட்டு வயதுக் குழந்தை ஒரு வருடத்தில் ஐந்து அல்லது ஆறு சென்டிமீட்டர் வளர்வதே வழக்கம். நீங்கள் சொல்வது போல் பத்து வளர்ந்திருந்தால் அதுவும் கவனிக்க வேண்டிய விஷயம். வெள்ளிக்கிழமை எங்கள் நர்ஸ் வந்து உங்கள் கதவு நிலையைப் பார்வையிடுவார்."

ரசமட்டம் எழுந்து நின்றுவிட்டார்.

"இது என்ன அநியாயம்! குறைஞ்சாலும் வியாதி, வளர்ந்தாலும் வியாதியா? இவங்க கேக்குற அளவுக்கு வளர்றதுக்கு எம் பொண்ணு என்ன ஆர்டர் கொடுத்துச் செய்யற அலமாரியா?"

மகள் மூலையில் உட்கார்ந்து தன் கைவிரல்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவிக்கு வேறு கவலை. முகம் வெளுத்துப் போயிற்று. "வெள்ளிக்கிழமை நர்ஸ் இங்க வரக் கூடாது. நாளைக்கே நாமளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். டாக்டர் பேப்பர் கையில இருந்தா அவங்க எதுக்கு வரப்போறாங்க?"

"நீ சொல்றதும் சரிதான். பெரிய இடத்துலயே தீர்ப்பு வாங்கிடுவோம்."

மறுநாள் கிளம்பும்போது பக்கத்து வீட்டுத் தையல்காரர் வாசலில் எதிர்ப்பட்டார். அவர் மகனும் அதே வகுப்புதான்.

"எங்க அண்ணே, குடும்பத்தோட?"

"சும்மா. ஒரு கல்யாண விஷயமா" என்றார் ரசமட்டம். பிள்ளை குறைந்துபோனதை ஊருக்கெல்லாம் சொல்ல முடியுமா? "உங்க பையன் எப்படி இருக்கான்?"

"அவனுக்கென்ன! காட்டுக்கொடி மாதிரி ஏறுறான். மாசத்துக்கு ஒரு தடவை கால்சட்டையை இறக்கிவிட்டே என் கண்ணு போச்சு." சொல்லிக்கொண்டே தையல்காரர் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு பழுப்பு உறையை உள்ளே தள்ளினார்.

ரசமட்டத்துக்கு வயிறு எரிந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மகளைச் செருப்பைக் கழற்றச் சொன்னாள். குதிகால், முதுகு, பின்தலை எல்லாம் பலகையில் படும்படி நிறுத்தினாள். முட்டியை லேசாக அழுத்தினாள். நேராகப் பார்க்கச் சொன்னாள். ஒரு தடவை அளந்தாள், இறங்கச் சொல்லித் திரும்ப நிறுத்தினாள். மூன்று தடவை. ரசமட்டத்துக்கு முதல்முறையாக ஒரு மனுஷியிடம் மரியாதை வந்தது. ஆனாலும் பலகை அடியில் தன் கட்டையை வைத்துக் குமிழியைப் பார்த்தார். நடுவில் நின்றது.

"சரி, வாங்க. இப்ப அப்பா நில்லுங்க."

"நானா? நான் எதுக்கு? நான் வளர்ந்து முடிச்சவன்."

"பிள்ளை எவ்வளவு உயரம் வரும்னு கணக்குப் போட அப்பா அம்மா உயரமும் வேணும்."

"நூத்தி எழுபது. எழுதிக்கோங்க."

"அளந்துதான் எழுதுவோம்."

நூற்று அறுபத்தி ஐந்து வந்தது. திரும்ப அளக்கச் சொன்னார். நூற்று அறுபத்தி ஐந்துதான். அடுத்து மனைவி ஏறினாள். நூற்று அறுபத்தி ஆறு.

ரசமட்டம் மனைவியைத் தலைமுதல் கால்வரை பார்த்தார்.

"இத்தனை வருஷமா என் பக்கத்துல நிக்கும்போது முதுகை வளைச்சுக்கிட்டா நின்ன?" என்றார் ரசமட்டம்.

"என்ன பண்றது, நீங்க கோவிச்சுக்குவீங்களே" என்றாள் மனைவி. அன்று முழுக்க நிமிர்ந்தே நடந்தாள்.

பிறகு மகளின் இடது கையை எக்ஸ்ரே படம் எடுக்க அழைத்துப் போனார்கள். ரசமட்டம் வழி மறித்தார்.

"உயரத்துல தகராறுன்னு வந்தா கையைப் படம் எடுக்கிறீங்களே! எம் பொண்ணு என்ன வெண்டைக்காயா, நுனியை ஒடிச்சுப் பார்க்க?"

"கை எலும்புல பிள்ளையோட எலும்பு வயசு தெரியும்" என்றாள் டாக்டரம்மா, உள்ளே இருந்தபடி. வயது குறைவு, பொறுமை அதிகம். "வளர்ற எலும்புக்கு நுனியில ஒரு இடைவெளி இருக்கும். இன்னும் வளர எவ்வளவு பாக்கின்னு அதைப் பார்த்துச் சொல்லிடலாம். வலிக்காது. விடுங்க."

படம் வந்தது. டாக்டரம்மா ஒரு பெரிய கட்டத்தாளை எடுத்து விரித்தாள். அதில் ஏழெட்டுக் கோடுகள் கீழேயிருந்து மேலே வளைந்து வளைந்து போயின.

ரசமட்டம் உற்றுப் பார்த்தார். "தப்பா நினைக்காதீங்க. இதை யாரு போட்டது? ஒரு கோடுகூட மட்டமா இல்லையே?"

"மட்டமாப் போனாத்தாங்க கவலை" என்றாள் டாக்டரம்மா. "பிள்ளை வளர்ந்தா கோடு ஏறணும். உங்க பொண்ணு இன்னைக்கு நூத்தி இருபத்தி நாலு. இதோ, நடுக்கோட்டுக்குப் பக்கத்துல. எலும்பு வயசும் எட்டுதான். எடை சரி. நல்லா இருக்கா. போன வருஷம் நூத்தி பதினெட்டுன்னு பள்ளிக்கூடத்துக் கடிதத்துல எழுதியிருக்கு. அப்ப ஒரு வருஷத்துக்கு ஆறு. ரொம்பச் சரி."

"அப்ப வியாதி இல்ல?"

"இல்ல."

மகள் நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் தேயலையா டாக்டர்?"

"பிள்ளைங்க யாரும் தேய மாட்டாங்க கண்ணு. நீ நல்லாத் தேய்ச்சே குளிக்கலாம்."

இந்த இடத்தில் எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். மனைவி எழுந்தும்விட்டாள். ஆனால் ரசமட்டம் எழவில்லை.

"அப்ப நாலு குறைச்சுச் சொன்னது யாரு தப்பு?"

"பள்ளிக்கூடத்து அளவு தப்பா இருக்கும். உங்க வீட்டு அளவும்தான். ஒரே வருஷத்துல பத்து வளர்ற பிள்ளைக்குக் கை எலும்பு இப்படி இருக்காது."

"என் கோடு தப்பாதுங்க!"

"அப்ப வேற ஏதோ தப்பியிருக்கு. ஒரு தடவை அளந்ததை வச்சு நாங்க எதையும் முடிவு பண்றதில்ல. எவ்வளவு வேகமா வளர்றாங்கறதுதான் முக்கியம். ஆறு மாசம் கழிச்சு இதே பலகைக்குக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் எந்தச் சுவரையும் நம்பாதீங்க."

டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட தாள் கையில் இருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவர் அதை விசிறிக்கொண்டே வந்தார். அநியாயம் பண்ணியவன் தண்டனை இல்லாமல் திரிகிறான் என்ற நினைப்பே அவரைக் கொதிக்க வைத்தது. ஒரு பிள்ளை குளிக்கப் பயந்து மூன்று நாள் அழுக்கோடு கிடந்திருக்கிறது. அதற்கு யார் பதில் சொல்வது?

"நேரா பள்ளிக்கூடம்" என்றார்.

"ஏங்க, வேணாங்க. பேப்பரைப் பொண்ணுகிட்ட கொடுத்து விட்டாப் போதும்."

"நீ வீட்டுக்குப் போ. நானும் எம் பொண்ணும் போறோம்."

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க அங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மனைவி பாதி வழியில் இறங்கிக்கொண்டாள். இறங்கும்போது மகளையும் கூடவே இழுத்துப் பார்த்தாள். ரசமட்டம் விடவில்லை. சாட்சி இல்லாமல் வழக்கா?

பள்ளிக்கூட வராந்தாவில் பச்சைக் கல் தரை அலுவலக அறை வரைக்கும் வந்து, குடிதண்ணீர்க் குழாய்க்குப் பத்தடி முன்னால் சட்டென்று நின்றுபோயிருந்தது. அதற்கப்பால் பழைய சிமெண்டு, குண்டும் குழியும். போன விடுமுறையில் அந்தத் தரையைப் போட்டவர் ரசமட்டம்தான். கல் பத்தவில்லை என்று அப்போதே சொல்லிவிட்டார்.

தலைமை ஆசிரியை அறைக்கு வெளியே பெஞ்சில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எட்டுப் பேர் மடியிலும் பழுப்பு உறை. கடைசியில் தையல்காரர்.

"நீங்க கல்யாண விஷயமா போனீங்களே அண்ணே?" என்றார் தையல்காரர்.

"உங்க பையன் காட்டுக்கொடி மாதிரி ஏறினானே?"

தையல்காரர் உறையைத் திருப்பி வைத்தார். "எம் பையன் மூணு குறைஞ்சுட்டானாம்" என்றார் தரையைப் பார்த்து.

"எம் பொண்ணு அஞ்சு" என்றார் ஒருவர்.

"எங்க ரெட்டைப் பிள்ளைங்க ரெண்டு பேருமே நாலு" என்றாள் ஒரு அம்மா. "வீட்டுல யாருக்கும் சொல்லாம ஒளிச்சு வச்சிருந்தேன். தினமும் ரெண்டு பேரையும் கம்பியில தொங்க விட்டேன். கைதான் வீங்குச்சு."

ரசமட்டம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் மார்பு விரிந்தது.

"அப்ப ஒரு வகுப்பே குறைஞ்சிருக்கு! யாராவது யோசிச்சீங்களா? முப்பது பிள்ளையும் சேர்ந்து சுருங்குமா? அளந்த பலகைக்குத்தான் வியாதி. எந்திரிங்க எல்லாரும்!"

எட்டுப் பேரும் அவர் பின்னால் வந்தார்கள். சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியை வெளியே வந்தாள். இந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். தரை பெருக்குகிற அக்கா துடைப்பத்தோடு வந்தாள்.

உடல்நலப் பரிசோதனை அறையின் சுவரில் உயரம் அளக்கிற மரப்பலகை இருந்தது. சுவரை ஒட்டிக் கீழே, தரைக்குப் பொருத்தமாக, ஒரு வரிசைப் பச்சை ஓரக்கல் நிமிர்த்திப் பதிக்கப்பட்டிருந்தது. பலகை அந்த ஓரக்கல்லின் தலைமேல் அழகாக உட்கார்ந்திருந்தது.

ரசமட்டம் பலகைக்குக் கீழே குனிந்தார். மண்டியிட்டார். டேப்பைத் தரையில் ஊன்றிப் பலகையின் பூஜ்யம் வரை இழுத்தார்.

"பத்து" என்றார். எழுந்தார். "பத்து சென்டிமீட்டர் உசரத்துல பலகை ஆரம்பிக்குது! பிள்ளைங்க தரையில நிக்குது, பலகை கல்லுமேல நிக்குது. ஆறு வளர்ந்த பிள்ளைக்கு நாலு குறைச்சல் காட்டாம வேற என்ன காட்டும்?"

பெஞ்சுக்காரர்கள் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். ரெட்டைப் பிள்ளைகளின் அம்மா அழுதேவிட்டாள். தையல்காரர் கை தட்டினார்.

"ரொம்ப நன்றிங்க. இப்பவே கழட்டி இறக்கிடுறோம்" என்றாள் தலைமை ஆசிரியை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இத்தனை பேர் பார்க்கும்போது ஒரு மனிதர் எப்படி விடுவார்?

"நன்றி அப்புறம், டீச்சரம்மா. இதை மாட்டினது யாரு? பூஜ்யம் தரையில இருக்கணும்ங்கற அறிவுகூட இல்லாத மடையன் எவன்? முப்பது வீட்டுல பெத்தவங்க தூக்கம் போச்சு. எம் பொண்ணு குளிக்கவே பயந்தா. அந்த ஆளை இங்க கூப்பிடுங்க. எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் அவன் மன்னிப்புக் கேக்கணும்!"

"ஆமா! கூப்பிடுங்க!" என்றார்கள் எட்டுப் பேரும்.

"கூப்பிட வேற செய்யணுமா அண்ணே?" என்றாள் பெருக்குகிற அக்கா. "இங்கதானே நிக்கிறீங்க. கல்லு பதிக்கும்போது நீங்கதானே பலகையைக் கழட்டினீங்க. திருப்பி மாட்டும்போது நான்தானே ஏணியைப் பிடிச்சேன். 'கீழ வச்சா என் ஓரக்கல்லு மறைஞ்சுடும், மேல உக்காரட்டும், அப்பத்தான் லட்சணம்'னு சொன்னீங்க. கட்டையை வச்சு மட்டம்கூடப் பார்த்தீங்க."

எட்டுப் பேரும் ரசமட்டத்தைப் பார்த்தார்கள். ரசமட்டம் பலகையைப் பார்த்தார். இடுப்பிலிருந்த கட்டையை எடுத்து அதன்மேல் வைத்தார். குமிழி நடுவில் நின்றது.

"மட்டம் சரியாத்தான் இருக்கு" என்றார் மெல்ல.

தையல்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். நர்ஸ் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மகளும் சிரித்தாள். நான்கு நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதைப் பார்த்ததும் ரசமட்டத்துக்குக் கோபத்தை எங்கே வைத்தோம் என்று மறந்துபோனது.

"சரிங்க. தப்பு என்னுதுதான். மன்னிச்சுக்குங்க" என்றார். "பலகையை நானே இறக்கி மாட்டிடுறேன். நாங்க கிளம்புறோம். வா கண்ணு."

"ஒரு நிமிஷம்" என்றாள் தலைமை ஆசிரியை, சிரிப்பைத் துடைத்துக்கொண்டே. "இங்க நாலு குறைஞ்சதுக்குக் காரணம் கிடைச்சுடுச்சு. உங்க வீட்டுல பத்து கூடினதா எழுதியிருந்தீங்களே, அது எப்படின்னுதான் எனக்கு இன்னும் புரியல."

"அது... அது கதவு நிலைங்க. தச்சன் சரியில்ல. விட்டுடுங்க. வாடா கண்ணு, நேரமாச்சு!"

மகள் வரவில்லை. காலடியில் இருந்த பச்சைக் கல்லையே பெருவிரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று முகம் மலர்ந்து நிமிர்ந்தாள்.

"எனக்குத் தெரியும் டீச்சர்! எங்க வீட்டுத் தரைதான் நாலு வளர்ந்துடுச்சு. அப்பா இங்கேருந்து சாக்குல கட்டிக் கொண்டுபோய், இதே கல்லைத்தான் அங்கயும் போட்டிருக்காரு!"